பத்து உறைகளுக்கும் ஒரு பொட்டு

கலைமகள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. புக்கிட் பெருவாங்கில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் துறை அலுவலகத்தில் அவளுக்கென்று நல்ல சுழல் நாற்காலி ஒன்று இருக்கத்தான் செய்தது. பதினோரு வருடமாக அதில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியது அவளுடைய கைப்பைதான். அவள் நின்றுகொண்டே தட்டச்சு செய்வாள். நடந்துகொண்டே போன் பேசுவாள். மத்தியானச் சோற்றைப் படிக்கட்டில் இறங்கும்போது பாதி, ஏறும்போது மீதி என்று முடித்துவிடுவாள்.

"வீட்டு ஃபேனுக்கே அஞ்சு ஸ்பீடு இருக்கு. இவளுக்கு ஒரே ஸ்பீடு லா" என்பான் அவள் கணவன் குகன். கல்யாண வீடியோவில்கூடத் தாலி கட்டும் நேரத்தில் அவள் தலை ஆடியிருக்கும். விருந்தில் தயிர் தீர்ந்துவிடுமோ என்று திரும்பிப் பார்த்தாளாம்.

அவள் பிறந்தது செலண்டார் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினாள். பிறகு புக்கிட் காத்திலில் ஒரு மலிவு வீடு கிடைத்து எல்லாரும் டவுன்காரர்கள் ஆனார்கள். பள்ளி முடிக்கும்போது எழுதும் எஸ்பிஎம் பரீட்சையில் இயற்பியலில் அவள் என்ன வாங்கினாள் என்பது குகனுக்கே தெரியாது. கேட்டால் சமையலறைக்குப் போய்விடுவாள். நடந்தது இதுதான்: முக்கால் மணி நேரத்துக்கு மேல் அவளால் அந்த மண்டபத்தில் உட்கார முடியவில்லை. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. உள்ளே இருந்த அத்தனை பேரும் கேள்வித்தாளைப் புரட்டும் சத்தம். எல்லாருக்கும் அடுத்த பக்கம் இருந்தது, அவளுக்கு மட்டும் இல்லை. அந்தச் சத்தம் இருபது வருடமாக அவள் காதில் குடித்தனம் நடத்தியது, வாடகை கொடுக்காமல்.

இப்படிப்பட்டவளிடம்தான் உலகப் போட்டி வந்து சேர்ந்தது.

துறைத்தலைவர் பேராசிரியர் பரமேஸ்வரன் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு உள்ள ஒரே கெட்ட பழக்கம் அவருக்கும் உண்டு, எதற்கும் சரி என்று சொல்லிவிடுவார். எங்கோ ஐரோப்பாவில் ஒரு கூட்டத்தில், "அடுத்த வருடம் கோட்பாட்டு இயற்பியல் மாணவர் போட்டியை யார் நடத்துகிறீர்கள்?" என்று கேட்டார்கள். எல்லாரும் காலணியைப் பார்த்தார்கள். இவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"கலை, இத நாம செஞ்சிடலாம்ல?" என்று திரும்பி வந்ததும் கேட்டார். அந்த அலுவலகத்தில் 'நாம' என்றால் கலைமகள் என்று அர்த்தம்.

"கோட்பாட்டுன்னா என்னா சார்? வெடிக்குமா?"

"வெடிக்காதும்மா. டெஸ்ட் டியூப் கிடையாது, வயர் கிடையாது. பேப்பர், பேனா, நாலு மண்டை. அவ்ளோதான்."

வெடிக்காது என்று கேட்டதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் இறங்கினாள். பதினான்கு மாதம். இருபத்திரண்டு நாடு, நாற்பத்து நான்கு அணி, அணிக்கு நான்கு பேர், ஆக நூற்று எழுபத்தாறு தலை. யாருக்கு விசா இழுக்கிறது, யார் வெங்காயம் சாப்பிடமாட்டார், எந்த நாட்டுக் கொடியை எந்த நாட்டுக் கொடிக்குப் பக்கத்தில் வைத்தால் சண்டை வரும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு கேள்விகூட அவளுக்குப் புரியாது. ஆனால் அதை எழுதப்போகிறவர்களின் செருப்பு அளவைக் கேட்டால் சொல்லியிருப்பாள்.

இத்தனைக்கும் பரமேஸ்வரனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"தொடங்குற மணிய நான் அடிக்கிறேன் சார். அடிச்சிட்டு வாசல்லயே நிப்பேன். உள்ள வரமாட்டேன்."

"இதுக்கெல்லாமா பர்மிஷன் கேப்ப? நீதான் அடிக்கணும்" என்றார் அவர். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஏதாவது ஃபைலைத் தேடப் போயிருப்பாள். மணி அடித்ததும் நூற்று எழுபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் முதல் தாளைத் திருப்புவார்கள். அந்தச் சத்தத்தை இந்தத் தடவை போகிறவளாக இல்லாமல், நிற்கிறவளாகக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

போட்டி வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு. கேள்விகள் பத்து. நடுவர் குழுத் தலைவி மார்த்தா என்ற ஹங்கேரிப் பேராசிரியை. கோடு போட்ட மாதிரி நடப்பார், கோடு போட்ட மாதிரி பேசுவார். செவ்வாய்க்கிழமையே கேள்விகளை ஒரே ஒரு மூலப்படி மட்டும் அச்சிட்டு, கேள்விக்கு ஒன்றாகப் பத்து உறையில் போட்டு, ஒவ்வொன்றின் வாயிலும் காகிதப் பட்டை ஒட்டி, அதன்மேல் நீல மைப் பேனாவால் நீளமாகக் கையெழுத்துப் போட்டார். உறைகள் அலுவலக இரும்பு அலமாரிக்குள் போயின. சாவி இரண்டு. ஒன்று மார்த்தாவிடம், ஒன்று பரமேஸ்வரனிடம். பரமேஸ்வரன் அடுத்த நிமிடமே, "நீயே வெச்சிக்கம்மா, நான் தொலைச்சிடுவேன்" என்று தன் சாவியைக் கலைமகளிடம் கொடுத்துவிட்டார். இதை மார்த்தாவிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஆயுத பூஜை.

வெளியே வெளிநாட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நான்கு பேருந்துகள் நின்றன. அவற்றில் முதலாவதுக்கு நாகமுத்து ஓட்டுநர். தொழிற்சாலை பஸ் ஓட்டி முப்பது வருடம் ஆனவர். காலையிலேயே பஸ்ஸுக்கு மாலை போட்டு, கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை அடித்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பிரேசில் பிள்ளைகள் நான்கு கோணத்தில் வீடியோ எடுத்தார்கள். ஒருத்தி பழம் எந்த எடையில் நசுங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தாள்.

உள்ளே கலைமகள் வருடா வருடம் செய்வதைச் செய்தாள். சரஸ்வதி படம், அவல், பொரி, பன்னீரில் குழைத்த சந்தனம். கணினிக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்குப் பொட்டு, பெரிய ஜெராக்ஸ் மெஷினுக்கு மூன்று பொட்டு, ஏனென்றால் அதுதான் அதிகம் சண்டித்தனம் பண்ணும். துப்புரவுக்கார ராமாத்தாள் அக்காவின் துடைப்பத்துக்குக்கூட ஒன்று வைத்தாள். எல்லாம் முடிந்து கற்பூரத்தை எடுக்கும்போதுதான் உறுத்தியது. பதினான்கு மாதமாக எதற்காக ஓடினோமோ அதற்கு மட்டும் பொட்டு இல்லை. அது அலமாரிக்குள் இருட்டில் கிடக்கிறது.

சாவி இடுப்பில்தானே இருந்தது? திறந்தாள். பத்து உறையையும் படத்தின் முன்னால் அடுக்கினாள். பொட்டை எங்கே வைப்பது? கதவுக்கு வைத்தால் இரண்டு பலகையும் சேரும் இடத்தில் வைப்பார்கள். உறைக்கும் அதே மாதிரி, வாய் மூடும் இடத்தில், பட்டையின் நட்ட நடுவில், விரல் நிறைய ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினாள். திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினாள். ஏழு நிமிடம் ஆகியிருக்கும். மனசு லேசாக இருந்தது.

நீல மை பன்னீரில் கரையும் என்பது இயற்பியலா வேதியியலா தெரியாது. அவள் இரண்டிலும் பெயில்.

வியாழன் காலை ஏழரைக்கு மார்த்தா தன் சாவியால் அலமாரியைத் திறந்தார். பரமேஸ்வரனும் கோட்டு போட்ட இன்னும் இரண்டு நடுவர்களும் பக்கத்தில் நின்றார்கள். கலைமகள் கையில் பித்தளை மணியோடு, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். மார்த்தா முதல் உறையை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். பத்தையும் மேசையில் பரப்பினார். பத்திலும் அவருடைய கையெழுத்து நீலப் பூவாக விரிந்து, நடுவில் சிவப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"இதை யார் திறந்தது?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

பரமேஸ்வரன் உறையைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கலைமகளைப் பார்த்தார். ஆங்கிலத்தில், "என் சாவி என்னிடம்தான் இருந்தது" என்றார். பிறகு தமிழில், மூச்சுக்குள், "பேசாம இரு கலை. நான் பாத்துக்கிறேன்."

மார்த்தா வாசலில் இருந்த வருகைப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார். புதன்கிழமைப் பக்கத்தில் விரலை ஓட்டினார். கலைமகள் கல்லூரி ஊழியர், அவள் அதில் கையெழுத்துப் போடுவதில்லை; ஒப்பந்தத்தில் வருகிறவர்கள்தான் போடவேண்டும். அன்றைக்கு இருந்தது ஒரே பெயர்.

"யார் இந்த ராமாத்தாள்?"

ராமாத்தாள் அக்கா மாப்பும் வாளியுமாக வந்து நின்றாள். மேசையைச் சுற்றி நின்ற கோட்டுகளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னா கலை, ஏதும் காணாமப் போச்சா? நான் தரையத் தவிர ஒண்ணும் தொடல தாயி."

கலைமகளால் சும்மா நிற்கவே முடியாது என்பது தெரிந்த கதை. சும்மா நின்று வாயையும் மூடிக்கொள் என்றால் எப்படி? மூன்று விநாடி தாங்கினாள். கையிலிருந்த மணி தானாக ஒரு தடவை ஒலித்துவிட்டது.

"அக்கா இல்ல. நான்தான் மேடம்" என்றாள். சாவி தன்னிடம் இருந்ததையும், ஆயுத பூஜையையும், கதவுப் பொட்டையும் தன் ஆங்கிலத்தில் சொன்னாள். நடுநடுவே மலாய் வந்தது, தமிழும் வந்தது. 'சந்தனம்' என்பதற்கு வார்த்தை கிடைக்காமல் மார்த்தாவின் மூக்குக்கு நேராக உறையை நீட்டினாள். பரமேஸ்வரன் கூரையில் ஓடிய மின்சாரக் குழாயை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

மார்த்தா உறையை முகர்ந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்.

"நான் உன்னை நம்புகிறேன்" என்றார். "ஆனால் என் நம்பிக்கையை நூற்று எழுபத்தாறு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க முடியாது. இந்தக் கேள்விகள் செத்துவிட்டன. என்னிடம் மாற்றுக் கேள்விகள் பத்து இருக்கின்றன, அவற்றை அச்சிடுவோம். விதி உனக்கும் தெரியும். தனியாக உறையைத் தொட்டவர் புதுத் தாளைப் பார்க்கக் கூடாது. போட்டி முடியும்வரை மண்டபத்துக்குள் வரக் கூடாது, வாசலிலும் நிற்கக் கூடாது." கையை நீட்டினார். "மணியைக் கொடு."

விதி அவளுக்குத் தெரியும். அதைத் தட்டச்சு செய்ததே அவள்தான். எட்டாம் பக்கம், மூன்றாவது வரி. மணியைக் கொடுத்தாள்.

அடுத்த தொல்லை உடனே ஆரம்பித்தது. பெரிய மெஷினை ஓட்டத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்திலேயே ஒருத்திதான், அவள் தாளைப் பார்க்கக் கூடாது. நான்கு பேராசிரியர்கள் மெஷினைச் சூழ்ந்து நின்றார்கள். கலைமகளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டி நிற்கவைத்தார்கள். முதல் இருபது தாள் வந்தது. பிறகு உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம்.

அந்த நால்வரில் ஒருவர் கருந்துளையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். உள்ளே போனது வெளியே வராததைப் பற்றி அவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். அவரோ, "காற்றில் ஈரப்பதம் அதிகம்" என்றார். இன்னொருவர் நிலைமின்சாரம் என்றார். வாக்குவாதம் சூடு பிடித்தது. மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கியது.

"சார்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள் கலைமகள். "ரெண்டாவது ட்ரேய வெளிய இழுங்க!"

"இழுத்தாச்சு!" பரமேஸ்வரனின் குரல்.

"உள்ள பச்சப் பிடி இருக்கும், அதத் திருப்புங்க. பேப்பரப் பிச்சி எடுக்காதீங்க, உருவுங்க. ட்ரேய மூடிட்டு இடது பக்கம் இடுப்பால ஒரு இடி இடிங்க!"

"இடுப்பாலயா?"

"கையால இடிச்சா அதுக்குப் பத்தாது சார்!"

உள்ளே தொம்மென்று ஒரு சத்தம். மெஷின் முனகி எழுந்து ஓட ஆரம்பித்தது. இடித்தது யார் என்று திரும்பிப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. ராமாத்தாள் அக்கா பிறகு சொன்னாள், மார்த்தாவாம்.

இப்படி எட்டு தடவை நின்றது, எட்டு தடவை இடி வாங்கியது. கலைமகள் சுவரைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நடந்தாள். நடுவில் நாகமுத்து போனில் கூப்பிட்டார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் நிற்கிறாராம்.

"அண்ணே, உள்ள கொண்டாராதீங்க. இன்னொரு ரவுண்டு போங்க."

"எங்க போறது? ஆயர் குரோ டவுன ரெண்டு தரம் சுத்திட்டேன். ஜூ போர்ட பாத்து ஒரு பையன் இதுதான் காலேஜான்னு கேக்குறான்."

"வாழப்பழம் பொரிக்கிற பீசாங் கோரேங் கடைல எங்கயாச்சும் நிறுத்துங்க அண்ணே. நாலு பஸ்ஸும் ஒண்ணாவே இருக்கணும். வெங்காயம் சாப்பிடாத பொண்ணு மூணாவது பஸ்ல, ஜன்னல் சீட்டு. வெங்காயம் அரைச்ச சம்பல் பக்கம் போகாம பாத்துக்குங்க."

"என்னா தங்கச்சி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சுவத்தப் பாத்துப் பேசுறேன் அண்ணே. வெச்சிடுங்க."

பதினொன்றே காலுக்கு எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். கலைமகளை மைதானத்து ஓரம், மழைமரத்தடியில் நின்ற பேருந்துப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து மண்டபத்தின் பின்சுவர்தான் தெரியும். அதில் எட்டு ஏர்கான் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவளே ஏற்பாடு செய்தவை. இரண்டு போதும் என்றவர்களிடம் சண்டை போட்டு எட்டாக்கியவள் அவள்.

பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது. மூன்று அடி போதும் என்று விதியில் இருந்தது. இதுவோ கோயில் மணி மாதிரி நிற்காமல், கணகணவென்று, இருபது அடிக்கு மேல் போனது. அதற்குப் பின்னால் வரவேண்டிய சத்தத்தை எட்டு ஏர்கானும் சேர்ந்து விழுங்கிவிட்டன.

கொஞ்ச நேரத்தில் ராமாத்தாள் அக்கா வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"வெள்ளக்காரம்மா என்னைய அடிக்கச் சொன்னிச்சு கலை! காலைல கூப்ட்டு நிக்கவெச்சதுக்கு மன்னிப்புன்னு நெனைக்கிறேன். எப்ப நிறுத்தணும்னு யாரும் சொல்லல, அதான்."

"நல்லா அடிச்சீங்கக்கா." கலைமகள் இல்லாத தாவணியைத் தோளில் இழுத்துவிட்டாள். "அடிச்சதும்… எல்லாரும் ஒண்ணா தாளத் திருப்பிருப்பாங்களே. எப்படி இருந்துச்சு?"

"என்னாது எப்படி?"

"சத்தம் க்கா."

ராமாத்தாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்காமல், யோசித்துச் சொன்னாள். "மழைக்கு முன்னாடி காத்தடிச்சா செம்பன மட்ட ஒரசும்ல? ஒரே ஒரு தரம். அப்படி. அப்பறம் கப்புனு அடங்கிருச்சு."

கலைமகள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மார்த்தா மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். அக்குளில் பத்து உறைகளும் இருந்தன. அவற்றைக் கிழித்துப் போடப் போகும் வழியில், கலைமகள் தண்ணீர் குடித்தாளா என்று பார்க்க வந்தாராம்.

"கிழிக்கக் கூடாது மேடம்!" என்று எழுந்தாள் கலைமகள். எழுந்தாள் என்பது மரியாதைக்கு. உட்கார்ந்திருந்தால்தானே? "பூஜைல வெச்சது. இன்னிக்கி விஜயதசமி. வெச்சதப் பிரிச்சுக் கொஞ்சமாச்சும் படிக்கணும்."

"படிக்காவிட்டால்?"

அவள் யோசித்தாள். "தெரியல மேடம். யாரும் படிக்காம விட்டதில்ல."

அந்தப் பதிலில் ஏதோ மார்த்தாவுக்குப் பிடித்திருக்கவேண்டும். அது பரிசோதனை செய்யப்படாத கோட்பாடு. உறைகளை நீட்டினார். "இனி இது ரகசியம் இல்லை. ஆனால் பத்தையும் படி. நாங்கள் எட்டு மாதம் உழைத்து எழுதியவை. யாராவது படிக்கட்டும்."

நாகமுத்துவின் பஸ்ஸில் நேற்றைய மாலை வாடித் தொங்கியது. கலைமகள் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் உறையைப் பிரித்தாள். ஆங்கிலத்தை மெதுவாக, விரல் வைத்து வாசித்து, தமிழாக்கிச் சொன்னாள்.

"ஒரு வளையம் நட்டமா நிக்குது அண்ணே. அது சுத்துது. வளையத்துல ஒரு மணி கோத்திருக்கு, வழுக்கும். அந்த மணி எங்க போய் நிக்கும்?"

"வளையல்ல மணியா?" நாகமுத்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "மெதுவா சுத்துனா அடியில கிடக்கும். வேகமா சுத்துனா மேல ஏறும். ஃபன் ஃபேர்ல ராட்டினம் பாத்ததில்ல? இதுக்கா நாலு பேரு பிளைட் ஏறி வந்தாங்க?"

"எந்த ஸ்பீடுல ஏற ஆரம்பிக்கும்னு கேக்குறாங்க."

"அது…" முப்பது வருட ஓட்டுநர் தாடையைச் சொறிந்தார். "அது ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

அவள் பக்கத்தின் அடிவரை வாசித்தாள். நான்காவது வரிக்குப் பிறகு எல்லாம் கிரேக்க எழுத்து. ஆனாலும் வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. தாளைப் புரட்டினாள். பின்பக்கமும் இருந்தது.

இரண்டாவது உறை. மூன்றாவது. ஐந்தாவதில் ஒரு நட்சத்திரம் குளிர்ந்துகொண்டிருந்தது. ஆறாவதில் ஏதோ ஒன்று இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தது. "உன்ன மாதிரி" என்றார் நாகமுத்து.

ஏழாவதைப் பிரிக்கும்போது அவர் டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். சாவியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தொங்கிய மாலை ஆடிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நான் இஞ்சின ஆஃப்தானே பண்ணேன்?"

"ஆஃப்ல தான் அண்ணே இருக்கு."

"அப்பறம் ஏன் பஸ்ஸு ஆடுது?"

கலைமகள் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தாள். ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தாளைத் திருப்பினாள்.